பழைய வீட்டின் மர மோல்டிங்: கண்டியின் விக்டோரியா கால வீடுகளில் அளவெடுப்பதும் மாற்றுவதும்

மஹய்யாவவில் விக்டோரியா காலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலானோர் பொது மயானத்தைத்தான் காட்டுவார்கள். கொஞ்சம் யோசித்தால் புகையிரதப் பாதையும் நினைவுக்கு வரும். கண்டியிலிருந்து மஹய்யாவ ஊடாக மாத்தளைக்குப் போகும் அந்தப் பாதை 1880இல் திறக்கப்பட்டது. நகரத்தைச் சுத்தமாக வைத்திருப்பதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் வாழும் லயங்களும் அதே ஆட்சியின் மிச்சம்தான். அந்த லயங்களில் மோல்டிங் கிடையாது. கதவைச் சுற்றி ஒரு வெறும் சட்டம், அதற்கு மேல் தகரம். மரத்தை வளைத்து நெளித்து அலங்கரிக்கும் செலவெல்லாம் துரைமாரின் பங்களாக்களுக்கும் வணிகர், சட்டத்தரணிகளின் வீடுகளுக்கும் போனது.

கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் அப்படிக் கட்டப்பட்ட வீடுகளில் எஞ்சியிருப்பவை இன்று பல கைகள் மாறிவிட்டன. வாங்கியவர்களிலும் வாரிசாகப் பெற்றவர்களிலும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் இருக்கிறார்கள். கதவின் கீழ்முனை உளுத்துப்போகிறது, கூரைவிளிம்புப் பலகையில் நான்கு அடி விழுந்துவிடுகிறது, அறையைப் பிரித்தபோது யாரோ ஒரு பக்கச் சட்டத்தைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். பிரச்சினை ஏறத்தாழ எல்லா வீட்டிலும் இதுதான். விடுபட்ட துண்டுக்கு ஒத்த துண்டு கடையில் கிடைக்காது. கிடைக்காததால் மிச்சமிருப்பதையும் கழற்றிப் பழைய சாமான் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, வீடு முழுவதும் பி.வி.சி. பட்டி அடித்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த முடிவுக்கு வருவதற்கு முன்னர் வாசிப்பதற்காக.

சட்டம் எங்கே நிற்கிறது

முதலில் ஒரு கசப்பான விடயம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், புராதன நினைவுச்சின்னம் என்பதற்கு 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்திருக்கிறது. கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் ஒப்படைக்கப்பட்ட நாள் அது. ஆகவே பிரித்தானியர் கண்டியில் கட்டிய எதுவும் தானாக அந்தப் பாதுகாப்புக்குள் வராது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்தை அமைச்சர் வர்த்தமானி மூலம் அறிவித்து உள்ளே கொண்டுவரலாம். அறிவிக்கப்படாத சாதாரண வீட்டின் கதவுச் சட்டத்தைப் பற்றி எந்தச் சட்டமும் கவலைப்படுவதில்லை. கண்டி புனித நகரம் 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதன் எல்லைக்குள் அல்லது அருகில் இருப்பவர்கள் வெளித்தோற்றத்தில் கைவைப்பதற்கு முன்னர் மாநகர சபையிடமும் தொல்பொருளியல் திணைக்களத்திடமும் கேட்டுக்கொள்வது அவசியம். வீட்டின் உள்ளே நடப்பது பெரும்பாலும் உரிமையாளரின் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது.

பொதுக் கட்டடங்களுக்காகக் குரல் எழுகிறது. நுவரெலியா, கண்டி தபால் நிலையக் கட்டடங்களைத் தனியாருக்குக் கைமாற்றும் திட்டத்தை எதிர்த்துத் தபால் ஊழியர்கள் 2023 நவம்பரில் வேலைநிறுத்தமே செய்தார்கள். வீடுகளுக்கு அப்படிக் குரல் கொடுக்க யாருமில்லை. அவை ஒவ்வொரு பலகையாகக் காணாமல்போகின்றன.

கோயிலில் பார்த்த வடிவங்கள்தான்

மோல்டிங் என்பது மரத்தில் நிழல் விழுத்தும் வித்தை. சுவரும் கதவுநிலையும் சந்திக்கும் இடைவெளியை மறைப்பது அதன் வேலை. அந்த வேலையை வெறும் பலகையே செய்துவிடும். பலகையில் குழியும் புடைப்பும் வெட்டும்போது வெளிச்சம் ஒரு கோடாகவும் நிழல் ஒரு கோடாகவும் விழுகிறது. உயரமான அறையில் அந்தக் கோடுகள்தான் கண்ணுக்கு அளவு சொல்கின்றன.

இதன் ஆங்கிலப் பெயர்களைக் கேட்டு மிரளத் தேவையில்லை. நமது கோயில்களின் அதிட்டானத்தில் இருப்பவற்றின் உறவுக்காரர்கள்தான் அவை. வட்டக் குமுதம் என்று நாம் சொல்லும் உருண்ட புடைப்பைத் தச்சர்கள் ‘டோரஸ்’ என்கிறார்கள். அதுவே மிகச் சிறியதாக இருந்தால் ‘பீடிங்’. தாமரையிதழ் போல மேலே குழிந்து கீழே புடைக்கும் பத்மத்தின் வளைவு ‘ஓஜி’. இரண்டு புடைப்புகளுக்கு நடுவே உள்ளே போகும் கண்டத்தைப் போன்ற பள்ளம் ‘ஸ்கோஷியா’ அல்லது ‘கவெட்டோ’. கண்டியில் இருப்பவர்கள் இதைப் பார்க்கத் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டாம். தலதா மாளிகைக்கு எதிரே, தென்னிந்தியப் பாணியில் கட்டப்பட்ட நாத தேவாலயத்தின் கற்கோயில் இருக்கிறது. அதன் அடிப்பகுதியை ஒரு பத்து நிமிடம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவுச் சட்டத்தைப் பாருங்கள். கல்லில் பார்த்ததை மரத்திலும் அடையாளம் காண்பீர்கள்.

விக்டோரியா ஆட்சி 1837இலிருந்து 1901வரை. அதன் முற்பாதியில் மோல்டிங் பெரும்பாலும் கையால் சீவப்பட்டது. குழிச் சீவுளி, புடைப்புச் சீவுளி என்று சோடி சோடியாக இலக்கமிட்ட சீவுளிகள் இருந்தன. ஒரு முழுத் தொகுதி பதினெட்டுச் சோடி. பல தச்சர்களிடம் அதில் பாதிதான் இருக்கும். நூற்றாண்டின் பிற்பாதியில் நீராவி இயந்திரங்கள் வந்ததும் வடிவங்கள் தடித்தன, மலிந்தன, பட்டியலில் பார்த்து வாங்கும் பொருளாயின. இலங்கையிலோ இரண்டு முறைகளும் நெடுங்காலம் கலந்தே இருந்தன. கோப்பிப் பணத்தில் கட்டிய வீடும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலைப் பணத்தில் நீட்டிய பின்பகுதியும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். அப்படியானால் முன் அறையின் மோல்டிங்கும் பின் அறையின் மோல்டிங்கும் ஒன்றல்ல. ஒரே காலத்தில் கட்டியிருந்தாலும்கூட வரவேற்பறைக்கு அகலமானது, படுக்கையறைக்குக் குறுகியது, சமையலறைக்கு வெறும் பலகை என்று தரவரிசை இருந்தது. அருகிலுள்ள அறையைப் பார்த்து அளவெடுத்துப் பிழை விடுபவர்கள் அதிகம். காணாமல்போன துண்டு எந்த அறையினதோ அதே அறையில்தான் சாட்சி தேட வேண்டும்.

நமது வீடுகளில் இன்னொரு வேறுபாடும் உண்டு. இங்கிலாந்து வீட்டைப் பற்றி எழுதும் புத்தகங்கள் சுவரின் அடிப்பலகை, இடுப்புயரப் பட்டி, படம் தொங்கவிடும் பட்டி என்று சுவர் சுவராக விபரிக்கும். கறையானும் ஈரமும் உள்ள நாட்டில் சுவரின் அடியில் மரம் வைப்பது கறையானுக்கு விருந்து வைப்பது போன்றது. ஆகவே இங்கே கவனிக்க வேண்டிய மரவேலை கதவு யன்னல் சட்டங்களிலும், கதவுக்கு மேலுள்ள காற்றுவாரியிலும், மரச் சீலிங்கின் பட்டிகளிலும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூரைவிளிம்பின் வலன்ஸ் பலகையிலும்தான் இருக்கிறது. பற்கள் போல வெட்டிய அந்தப் பலகையை மலையகப் பாதையின் பழைய புகையிரத நிலையங்களில் பார்க்கலாம். அது வெறும் அலங்காரம் அல்ல. மழைநீர் பற்களின் நுனியில் சேர்ந்து துளித்துளியாக விழும். பலகையின் அடிவிளிம்பு முழுவதும் ஈரம் தேங்காது. பல்லை வெட்டாமல் நேர்ப்பலகை வைப்பவர்கள் சில மழைக்காலங்களிலேயே இதைத் தெரிந்துகொள்வார்கள்.

அளவெடுத்தல்

பெயிண்ட் பூசிய மோல்டிங்கிலிருந்து ஒருபோதும் வடிவம் எடுக்க வேண்டாம். நூறு வருடத்தில் பத்துப் பன்னிரண்டு பூச்சு ஏறியிருக்கும். புடைப்பு தடித்து, பள்ளம் நிரம்பி, இரண்டுக்கும் இடையிலுள்ள நுண்ணிய வெட்டு மறைந்திருக்கும். அந்தச் சிறு வெட்டுத்தான் கூரான நிழலைத் தருவது. அது இல்லாமல் செய்த புதுத் துண்டு, பழையதன் பக்கத்தில் சவர்க்காரத்தில் செய்தது போல மழுங்கித் தெரியும். எனவே இரண்டங்குல அகலத்துக்குப் பூச்சை மரம்வரை நீக்க வேண்டும். அதற்கு முன்னர், பிற்காலத்தில் அடித்த அலுமாரிக்குப் பின்னாலோ தடுப்புப் பலகைக்கு உள்ளேயோ பூச்சு குறைந்த துண்டு இருக்கிறதா என்று தேடுங்கள். பல வீடுகளில் இருக்கும்.

பூச்சை நீக்குவதில் ஆபத்து இருக்கிறது. இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். பழைய எண்ணெய்ப் பெயிண்டின் அடிப்பூச்சுகளில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த நிலையில் மணல்தாள் போட்டால் அந்த ஈயம் தூசியாகி வீடு முழுவதும் பரவும். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடம்புக்குள் போகும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு அது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நெருப்பு விளக்கால் சுட்டு உரிப்பதும் கூடாது. ஈயப் புகை வரும். தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுவது, அல்லது இரசாயனப் பசை பூசி ஊறவைத்து எடுப்பது, கீழே பொலித்தீன் விரித்துக் கழிவை மூடிக்கட்டுவது, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாமலிருப்பது ஆகியன குறைந்தபட்சம். வேலை செய்பவருக்குத் துணிக்கட்டு போதாது, தூசி வடிகட்டும் முகமூடி வேண்டும். கூலிக்கு வரும் இளைஞரின் நுரையீரலும் வீட்டுக்காரரின் பிள்ளையுடையதைப் போன்றதுதான்.

வடிவம் எடுக்கச் சிறந்த வழி குறுக்குவெட்டு. ஏற்கெனவே கழன்ற, உளுத்த துண்டு இருந்தால் அதன் நல்ல பகுதியில் நுண்பல் வாளால் அரை அங்குலத் துண்டு ஒன்றை வெட்டியெடுத்துத் தாளில் வைத்துக் கூர்ப்பென்சிலால் வரையலாம். கழற்ற முடியாத இடத்தில் ஊசிச்சீப்பு போன்ற வடிவமானி உதவும். ஆனால் அதன் ஊசிகளின் தடிப்பு காரணமாக நுண்ணிய வெட்டுகள் தவறிவிடும். அதைவிட நம்பகமானது, மோல்டிங்கின் குறுக்கே மெல்லிய வாளால் ஒரு கீறல் போட்டு, அந்தக் கீறலுக்குள் தடித்த அட்டையைச் செருகி, விளிம்பைப் பென்சிலால் வரைந்துகொள்வது. கீறலைப் பின்னர் நிரப்பிவிடலாம். வெட்டவே மனம் வராதவர்கள் எண்ணெய் தடவிவிட்டுக் களிமண்ணாலோ பிளாஸ்டர் ஒஃப் பாரிஸாலோ அச்செடுக்கலாம்.

மூன்று இடங்களில் அளவெடுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் அது இயந்திரத்தில் செய்தது. ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டால் கையால் சீவியது. அப்போது எந்த இடத்தில் புதுத்துண்டு சேரப்போகிறதோ அந்த இடத்தின் வடிவத்தையே எடுக்க வேண்டும். அளவுகளை அங்குலத்தில் குறியுங்கள். நம்முடைய பாஸ்மார் இன்றும் அங்குலத்தில்தான் நினைக்கிறார்கள் என்பது ஒரு காரணம். (பாஸ் என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுச்சென்றது.) பழைய தச்சர் பிடித்த அளவும் அங்குலமே என்பது மற்றக் காரணம். ஓர் அங்குலப் பலகையை இருபுறமும் சீவினால் ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் வரும். இன்று கடையில் 18 மில்லிமீற்றரில் வாங்கிய பலகையை அதன் பக்கத்தில் வைத்தால் 4 மில்லிமீற்றர் படி விழும். எத்தனை பூச்சு அடித்தாலும் அந்தப் படி மறையாது. முகத்தின் வடிவத்தைப் போலவே தடிப்பையும் கவனிக்க வேண்டும்.

எந்த மரம்

பெயிண்ட் அடிக்கப்போகும் துண்டானால் இன மரம் கட்டாயமில்லை. ஆனால் சுருங்கி விரியும் தன்மை நெருக்கமாக இருப்பது நல்லது. மெருகெண்ணெய் போடப்போவதானால் அதே மரம் வேண்டும். பழைய வீடுகளில் அதிகம் காண்பது பலாவும் தேக்கும். வெட்டியவுடன் மஞ்சளாக இருக்கும் பலா, வெளிச்சம் பட்டுப் பட்டுக் கபிலநிறமாகும். புதுத் துண்டைச் சாயம் போட்டு உடனே பழையதுடன் ஒப்பாக்கினால் ஓரிரு வருடத்தில் அது மேலும் கறுத்துத் துண்டாகத் தெரியும். கொஞ்சம் வெளிறலாக விட்டுப் பொறுத்திருப்பதே சரி. தேக்கைச் சீவும்போது எண்ணெய்ப் பிடிப்பும் தோல்மணமும் காட்டிக்கொடுக்கும். முதிரை பொன்னிறமாகப் பளபளக்கும், பாரமாக இருக்கும். மஹோகனி பிரித்தானியர் கொண்டுவந்து நட்டது.

தோட்டத்துப் பலாவை வெட்டிப் பயன்படுத்தலாம் என்று நினைப்பவர்கள் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மறக்கக் கூடாது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்ட முடியாது. பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டும். இதைவிட இலகுவான வழி, இடிக்கப்படும் வீடுகளின் மரம். பழைய உத்தரத்தையும் கைமரத்தையும் மரக்காலையில் வாங்கி அறுத்தால் நூறு வருடம் உலர்ந்த பலாவோ தேக்கோ கிடைக்கும். ஆணி இருக்கிறதா என்று காந்தம் பிடித்துப் பார்க்காமல் அறுக்கக் கொடுத்தால் வாள் உடைந்ததற்கும் நீங்கள் பணம் கொடுக்க நேரும்.

புதுமரம் என்றால் காற்றில் உலர அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. சூளையில் உலர்த்தியதை வாங்கினாலும், பொருத்தப்போகும் அறையிலேயே இரண்டு கிழமை அடுக்கிவைக்க வேண்டும். கண்டியின் ஈரக்காற்றுக்குப் பழகாத மரம் பொருத்திய பிறகு மூலைகளைத் திறக்கும்.

எம்.டி.எஃப். மோல்டிங் பற்றி ஒரு வார்த்தை. உலர்ந்த மாடியறையில் பெயிண்டுக்குக் கீழே அது பிழையில்லை. கழுவும் தரைக்கு அருகிலும் வெளியிலும் வைத்தால் பாணைத் தண்ணீரில் போட்டது போல ஊதும்.

ஒட்டா, புதிதா

முழுத்துண்டையும் கழற்றுவதற்கு முன்னர் உளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி வந்தால் உள்ளே கறையான் போயிருக்கிறது. கீழே வெடிமருந்துத் தூள் போலச் சிறு மணிகள் குவிந்திருந்தால் அது உலர்மரக் கறையான். மண்ணில் மருந்து ஊற்றிப் பயனில்லை, மரத்துக்குள்ளேயே மருந்தேற்ற வேண்டும். காரணத்தை அடைக்காமல் புதுத்துண்டு வைப்பது அவற்றுக்கு அடுத்த வேளைச் சாப்பாடு. ஒழுகும் பீலியும் அப்படித்தான்.

கதவுச் சட்டத்தில் பெரும்பாலும் உளுத்திருப்பது கீழே ஆறு, எட்டு அங்குலம்தான். நல்ல மரத்தைச் சாய்வாக வெட்டி, புதுத் துண்டின் முனையையும் அதே சாய்வில் வெட்டி ஒட்டினால் போதும். நேர்வெட்டில் ஒட்டிய மூட்டு மரம் சுருங்கும்போது கோடாகத் திறக்கும். சாய்வெட்டில் ஒட்டுப் பரப்பு அதிகம், கோடும் கண்ணில் படாது. இங்கிலாந்தில் வில்லியம் மொரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் அன்றிலிருந்து சொல்லிவருவது இதைத்தான்: பழுதானதை மட்டும் மாற்று, மிச்சத்தைத் தொடாதே. மொரிஸின் வழியை மதித்தவர்களில் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. கண்டிய கைவினைஞர்களைப் பற்றிய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற நூலை 1908இல் வெளியிட்டார். அவர் இந்த விக்டோரியா மோல்டிங்குகளைக் காப்பாற்றச் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கண்டித் தச்சனின் கையைக் கெடுத்ததே அந்த ஐரோப்பிய ரசனைதான் என்பது அவர் கட்சி. ஆனாலும் இந்த மோல்டிங்குகளில் பலவற்றைச் சீவிய கைகள் இந்த நாட்டுக் கைகள்தான்.

செய்வித்தல்

நான்கு அடி மட்டும் வேண்டுமென்றால் இயந்திரம் தேவையில்லை. வடிவத்தின் மறுபக்கத்தைப் பழைய வாள் தகட்டில் அரத்தால் வெட்டி, மரப்பிடியில் இறுக்கி, பலகையின் மேல் இழுத்து இழுத்துச் சுரண்டினால் சிறு பீடிங் வடிவங்கள் வந்துவிடும். பெரிய வடிவத்தை இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்துப் பாருங்கள்: ஒரு பலகை, அதன் மேல் ஒரு ஓஜி, விளிம்பில் ஒரு பீடிங். இவற்றில் சில கடையில் கிடைக்கும் ரவுட்டர் அலகிலேயே வரும். தனித்தனியாகச் செய்து ஒட்டலாம். பழைய தச்சர்களும் அகலமான சட்டங்களை அப்படித்தான் செய்தார்கள்.

அறை முழுவதற்கும் வேண்டுமென்றால் ஸ்பிண்டில் இயந்திரம் உள்ள பட்டறையில் உங்கள் வடிவத்துக்கென்றே கத்தி தீட்டச் சொல்ல வேண்டும். செலவு கத்தியிலும் இயந்திரத்தைச் சரிசெய்வதிலும்தான். இருபது அடி ஓட்டினாலும் இருநூறு அடி ஓட்டினாலும் அந்தச் செலவு ஒன்றுதான். எனவே கணக்கை முன்கூட்டியே போடுங்கள். ஏழடி உயரம், மூன்றரையடி அகலக் கதவுக்கு ஒரு பக்கத்துக்குப் பதினேழரை அடி. மூலை வெட்டுக்கும் கழிவுக்கும் சேர்த்து இருபது. இரு பக்கமும் நாற்பது. அப்படி நான்கு கதவு என்றால் நூற்றறுபது. எப்போதாவது மாற்ற நேரும் என்று தெரிந்த துண்டுகளையும் அதே ஓட்டத்தில் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். முதலில் மலிவு மரத்தில் ஓரடி ஓட்டித் தரச் சொல்லி, அதைப் பழையதன் பக்கத்தில் வைத்து, பக்கவாட்டில் டோர்ச் அடித்து நிழலைப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத வேறுபாடு பக்க வெளிச்சத்தில் தெரிந்துவிடும்.

பொருத்துதல்

பொருத்துவதற்கு முன்னர் பின்பக்கத்துக்கும் வெட்டுமுனைகளுக்கும் அடிப்பூச்சு அடிக்க வேண்டும். யாரும் பார்க்காத பக்கம் என்று விட்டால் சுவரின் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் ஹாமர் ட்ரில்லைப் போட வேண்டாம், சாந்து பொலபொலவென்று கொட்டும். பழைய மேசன் செங்கல்களுக்கிடையில் மரத் தக்கைகளை அறைந்து வைத்திருப்பார். பழைய ஆணித்துளைகள் எங்கே என்று பார்த்தால் அவை எங்கே என்று தெரிந்துவிடும். இரும்பாணிக்குப் பதில் பித்தளைத் திருகாணி நல்லது.

வெளிமூலைகளை நாற்பத்தைந்து பாகையில் வெட்டிச் சேர்க்கலாம். சீலிங் பட்டியின் உள்மூலையை அப்படிச் செய்தால் மரம் சுருங்கும்போது வாய்பிளக்கும். ஒரு துண்டை மூலைவரை நேராக ஓட்டி, மற்றதன் முனையை அந்த வடிவத்துக்கேற்பக் குடைந்து அதன்மேல் உட்காரவைப்பதே வழக்கம். பழைய வீட்டில் எந்த மூலையும் சரியான செங்கோணமாக இராது என்பதால் மூலைமட்டத்தை நம்பாமல் ஒவ்வொரு மூலையையும் தனியாக அளக்க வேண்டும்.

புதுத்துண்டு பழையதென்று நடிக்க வேண்டியதில்லை. 1964இன் வெனிஸ் சாசனம், மாற்றிய பகுதி முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் அசலிலிருந்து பிரித்தறியக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. வீட்டுக்கு இதைச் செய்வது மிகச் சுலபம். ஆணியடிப்பதற்கு முன்னர் பின்பக்கத்தில் ஆண்டையும் மரத்தின் பெயரையும் செய்த பாஸின் பெயரையும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். குறுக்குவெட்டுத் துண்டு, வரைந்த தாள், தீட்டிய கத்தி மூன்றையும் பட்டறையில் விடாமல் வாங்கிவந்து, வீட்டு உறுதி வைத்திருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.